வைஃபை இல்லாத புதன்கிழமை

நேர்காணலுக்கு முந்தின நாள் சிலர் முடி வெட்டிக்கொள்வார்கள். சிலர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வார்கள். நான் என் லேப்டாப்புக்குப் புதிய கர்னல் கம்பைல் செய்தேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் என் தொழிலில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் ‘அதிலென்ன?’ என்று கேட்பார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்கிற இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைப்பதுதான் கர்னல். திரையானாலும் வைஃபையானாலும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். ஒவ்வொரு கருவியோடும் பேச அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடலாம். இல்லையென்றால் மாட்யூல் என்று தனியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கலாம். ஊர் உலகத்தில் பெரும்பாலோர் மாட்யூலாகத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஆகாது. வருவதும் போவதுமாக இருக்கிற எதைக் கண்டாலும் எரிச்சல் வரும். எல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்று கட்டிவிடுவேன்.

இத்தனைக்கும் வருவதும் போவதுமாக இருந்தவன் நான்தான். மனைவிக்குத் திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகத்தில் வேலை. மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. நான் பெங்களூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி சனிக்கிழமை காலையில் வந்து சேருவேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரயில். மூன்று வருஷமாக இதே கதை. வலியசாலையில் ஓர் அக்ரஹாரத்து வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த மாடியில் நான் முழுசாக ஒரு வாரம் தங்கியதே கிடையாது.

அந்த நேர்காணல் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கம்பெனி. சிறியது. கர்னல் வேலை. எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். கிடைத்தால் பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடி ரயில்தான். புதன்கிழமை மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். லேப்டாப் திரையை அவர்களுக்குக் காட்டி, அவர்கள் சொல்வதைச் செய்து காட்ட வேண்டும். அறைத்தோழனை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது என்று லீவு போட்டுவிட்டு செவ்வாய்க்கிழமையே இங்கே வந்திருந்தேன்.

வந்த கையோடு கர்னலில் இறங்கினேன். திரையைக் காட்டும்போது ஆகப் புதிய பதிப்பு ஓட வேண்டும், அதுவும் நானே கட்டியதாக இருக்க வேண்டும் என்கிற பகட்டுதான் காரணம். நிரலிலிருந்து கர்னலைக் கட்டியெடுப்பதுதான் கம்பைல், அதில் ஒரு குறுக்குவழி உண்டு. இந்த நிமிஷம் லேப்டாப்பில் என்னென்ன வேலை செய்துகொண்டிருக்கிறதோ அவற்றின் டிரைவர்கள் போதும், மற்ற ஆயிரக்கணக்கானவற்றை விட்டுவிடு என்று சொல்லலாம். சொன்னேன். வைஃபை டிரைவரை வழக்கம்போல உள்ளே சேர்த்துக் கட்டினேன். பழைய கர்னல்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன, அவற்றையும் துடைத்தெறிந்தேன். அதற்குள் மனைவி கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாள். லேப்டாப்பை அணைத்து மூடி வைத்துவிட்டுப் போனேன். புதிய கர்னல் எழுந்து நடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை காலையில் மனைவி அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கும் போனபிறகு லேப்டாப்பைத் திறந்தேன். என்னவோ அரசர் வருகிற மாதிரி கர்னல் எழுந்து வந்தது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் இல்லை.

முதலில் நான் பதறவில்லை. எழும்போது கணினி எழுதிவைக்கிற பதிவுகளைப் பார்த்தேன். வைஃபை சில்லு விழித்தெழும்போது அதற்குள் ஃபர்ம்வேர் என்று ஒரு சின்னக் கோப்பை ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு இல்லை என்று எழுதியிருந்தது. எந்தக் கோப்பு என்று பெயரும் போட்டிருந்தது. அது இருக்க வேண்டிய ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் அதே பெயரில் கோப்பு கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அணைத்துப் போட்டேன். மறுபடி இல்லை என்றது. கோப்பை அழித்துவிட்டு வைத்திருந்த நகலைப் போட்டேன். இல்லை என்றது. “எலே, அங்கதானல இருக்கு!” என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.

சரி, வைஃபை போனால் போகிறது, போனின் இணையத்தை வயர் வழியாகக் கொடுக்கலாம் என்று செருகினேன். லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. அலமாரியில் தேடி, கேபிள் இணையத்துக்கான அடாப்டரை எடுத்துச் செருகினேன். அதையும் சட்டை செய்யவில்லை. பென் டிரைவைச் செருகினேன். ஊஹூம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. நேற்று நான் குறுக்குவழியில் போனபோது இதில் எதுவும் செருகியிருக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கூடவே இல்லாத எவரும் இந்தக் கர்னலைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது. உள்ளே வர இருந்த எல்லா வாசலையும் நானே என் கையால் அடைத்திருக்கிறேன். பழைய கர்னல் ஒன்று மிச்சமிருந்தால் அதில் ஏறித் தப்பித்திருக்கலாம். அதையும் துடைத்தாகிவிட்டது.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

“என்ன, ரெடியாயிட்டீயளா?”

“வைஃபை வரமாட்டேங்கு.”

“காலையில நான் போவும்போ வந்துதே?”

“உனக்கு வரும். எனக்கு வராது. கர்னல மாத்திட்டேன்.”

“இன்னிக்கா?”

“நேத்து.”

“போன்லயே பேசப்பிடாதா?” என்றாள்.

“கர்னல் வேலைக்கு ஆள் எடுக்கான். எங் கர்னல்ல வைஃபை வரலன்னு போன்ல போயிச் சொல்லவா?”

“அப்பம் பழசப் போட்டுக்கிட வேண்டியதுதான?”

“அழிச்சிட்டேன்.”

“கொள்ளாம்,” என்றாள். அந்த ஊர்ச் சொல்லில் பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு. இது எது என்று எனக்குத் தெரியும். “பதினோரு மணிக்கு மோட்டார் போடணும். மறந்துராதீய. டேங்கு நெறஞ்சதும் ஓடிப்போயி அணைச்சிரணும், கேட்டியளா?”

மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருஷம் வாடகை கொடுத்த வீடு. தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். போட்டுவிட்டு, டிரைவரை மாட்யூலாக மாற்றி முதலிலிருந்து கம்பைல் செய்வதுதான் வழி என்று உட்கார்ந்தேன். எல்லாக் கருவிகளின் டிரைவர்களையும் இந்தத் தடவை சேர்த்துக்கொண்டேன். பட்டால்தான் எனக்குப் புத்தி வரும். லேப்டாப் பழசு. விசிறி விமானம் மாதிரி இரைய, எழுத்துகள் நத்தை வேகத்தில் ஊர்ந்தன. நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். மகளுடைய மேஜையில் கிடந்த பேனாக்களை அடுக்கினேன். அப்படி அடுக்கி வைத்தால் அவளுக்குக் கோபம் வருமோ என்று மறுபடி கலைத்தேன்.

கதவைத் தட்டும் சத்தம். கீழ்வீட்டு மாமி, இந்த வீட்டின் சொந்தக்காரர். கையில் குடை.

“அய்யோ, டாங்க் நெறஞ்சு எங்காத்து முத்தம் முழுக்க ஜலம்! யாருமில்லாம மோட்டார் எப்படி ஓடறதுன்னு வந்தேன்.” என்னைப் பார்த்ததும் நின்றார். “நீங்களா? புதன்கிழமையில நீங்க ஏது?”

ஓடிப்போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டேன்.

“சாரமில்லை, போகட்டும். அப்போ கொழந்தை சொன்னது நெஜமாக்கும்? ஸ்திரமா இங்கயே வந்துடப் போறேளாமே? ஒரு வாரமா அதையேதான் சொல்லிண்டிருக்கா. அப்பா வந்தா பைக்ல கொண்டுபோய் விடுவா, இனிமே பஸ்ஸுல இடிபட வேண்டாம்னு ஒரே கொண்டாட்டம்.”

நேர்காணல் விஷயத்தை மகளிடம் நான்தான் போனில் சொன்னேன். அப்போது அவள் சொன்னது ‘ஓ, ஓகே’. அவ்வளவுதான். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது. மாமி போனபிறகு கொஞ்ச நேரம் கதவடியிலேயே நின்றேன். இதுவரை எனக்கு வேலை கிடைக்காமல் போகும் என்கிற பயம்தான். இப்போது மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. மழை பிடித்ததும் கரண்ட் போயிற்று. மின்விசிறி நிற்கவில்லை, விளக்கும் எரிந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக மூச்சுவிட்டு லேப்டாப்பைப் பார்த்தேன். சார்ஜ் ஏறவில்லை. நான் செருகியிருந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் கிடையாது. பேட்டரியோ கிழடு, கால் மணி தாங்கினால் பெரிய விஷயம். லேப்டாப்பைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு பிளக் பிளக்காக அலைந்தேன். படுக்கையறையில் இல்லை. டிவிக்குப் பின்னால் இல்லை. மகளுடைய மேஜையடியிலும் இல்லை. மனைவிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. எந்தப் பிளக்கில் உயிர் இருக்கிறது என்பது இந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். நான் லாட்ஜில் அறை எடுத்தவன் மாதிரி சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். கம்பைல் பாதியில் இருக்கும்போதே லேப்டாப் கண்ணை மூடிவிட்டது.

மனைவி திருப்பிக் கூப்பிட்டாள். “மீட்டிங்ல இருந்தேன். என்ன?”

“இன்வெர்ட்டர் பிளக்கு எது?”

“சாமி படத்துக்குக் கீழ உள்ளது மட்டுந்தான். பின்ன, வைஃபை சரியாச்சா?”

“இல்ல.”

“கெடைக்கதுன்னா கெடைக்கும். டென்ஷன் ஆவாதீய. சாப்ட்டீயளா?”

சாப்பிடவில்லை. சாமி படங்களுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செருகினேன். ஊதுவத்திச் சாம்பல் முழங்காலில் ஒட்டியது. மூன்று மணிக்கு அதிகநேரம் இல்லை. மிச்சக் கம்பைலை ஓட்டி முடிக்க முடியாது. பழைய கோளாறுக் கர்னலேதான் மறுபடி எழுந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாததால், அது எழும்போது ஓடுகிற வரிகளை முதல்முறையாக ஒழுங்காக, மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாகப் படித்தேன். காலையிலிருந்து நான் ‘கோப்பு இல்லை’ என்கிற சிவப்பு வரியை மட்டுமே முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது நடந்த நொடி இருக்கும். வைஃபை டிரைவர் தன் கோப்பைக் கேட்ட நொடியைப் பார்த்தேன். கோப்புகளெல்லாம் இருக்கிற வட்டு திறக்கப்பட்ட நொடியைப் பார்த்தேன். வட்டு அதற்கும் பிறகுதான் திறந்திருக்கிறது. நான் டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டதால் அது எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டது. பொழுது விடியுமுன் பால் வாங்கப் போய், கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, ஊரிலேயே பால் இல்லை என்று திரும்பி வந்து நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன் கதைதான். ஒருமுறை கேட்டது, கிடைக்கவில்லை, அதோடு விட்டுவிட்டது. பிறகு கடை திறந்ததெல்லாம் அதற்குத் தெரியாது.

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. வேறு ஆட்களுக்கு இதே கோளாறை நானே தீர்த்துக் கொடுத்திருக்கிறேன், ‘படித்துப் பார்க்க மாட்டீர்களா?’ என்று கேலியும் செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

மறுபடி கம்பைல் செய்யவே வேண்டாம். இப்போது வட்டு திறந்திருக்கிறது, கோப்பு இருக்கிறது, இன்னொரு தடவை கேள் என்று டிரைவரிடம் சொன்னால் போதும். ஒரே ஒரு வரி. அவசரத்தில் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். மூலையில் வைஃபை அடையாளம் முளைத்தது. நான் போட்ட கூச்சலில் கீழே மாமி, “என்னாச்சு?” என்று குரல் கொடுத்தார். “வந்துட்டுது மாமி!” என்றேன். எது வந்தது என்று அவர் கேட்கவில்லை.

கரண்ட் இல்லாததால் வீட்டு ரவுட்டர் அணைந்திருந்தது, போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொண்டேன். இடம் மாற நேரமில்லை. வேட்டியை இழுத்துவிட்டு, சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, முருகன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து நேர்காணலில் நுழைந்தேன். மறுமுனையில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். வணக்கம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், உங்கள் கணினி எழுந்த பதிவைக் கொஞ்சம் காட்டுங்கள், அதை வைத்தே பேசலாம் என்றார். காட்டினேன். சிவப்பு வரி நட்டநடுவில் பல்லை இளித்தது. வேகமாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. அவர், “நில்லுங்கள், அது என்ன?” என்றார்.

இனி மறைத்து ஆகப்போவது என்ன? முழுக்கதையையும் சொன்னேன். குறுக்குவழி, அழித்த பழைய கர்னல்கள், கண்டுகொள்ளாத பென் டிரைவ், பிளக் தேடிய பிரதட்சணம், எதையும் விடவில்லை. ஆண்களில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவரும் ஒருமுறை இதே மாதிரி மாட்டிக்கொண்டாராம். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், எழும் நேரத்தின் வரிசையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகப் போட்டார். பதில் சொல்லச் சொல்ல எனக்குள் இருந்த பரபரப்பு அடங்கிப்போனது. மழை விட்டதும் தெரியவில்லை, கரண்ட் வந்ததும் தெரியவில்லை.

நேர்காணல் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே மெயில் வந்துவிட்டது. என்னை எடுத்துக்கொள்வதாகவும், முறையான கடிதம் பின்னால் வரும் என்றும். நான்கு தடவை படித்தேன். மகள் டியூஷன் முடிந்து வர இருட்டிவிடும். மனைவிக்குப் போனில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, ஜன்னலுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

மறுபடி பிடித்த தூறலில் நனைந்த குடையோடு படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“கெடைச்சிட்டா?” என்றாள். குடையை மூலையில் சாய்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது, உண்மைதான். பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

“ஒனக்குச் சந்தோசமில்லியா?”

“சந்தோசம் இல்லாம? எத்தன நாளு நேர்ந்துக்கிட்டிருக்கேன்.”

“பின்ன என்ன?”

பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கோ பொறுக்கவில்லை. “சொல்லேன்” என்று இரண்டு தடவை அவசரப்படுத்தினேன்.

“சனிக்கெழம நீங்க வருவீயன்னு வெள்ளிக்கெழமயே வீட்டப் பெருக்கித் தொடச்சி, மீன் வாங்கி வச்சி, நல்ல சேலையா எடுத்து உடுத்திக்கிடுதேன். ரெண்டு நாளும் சிரிச்ச மொகமா இருக்கேன். ரெண்டு நாளுதான, யாரும் இருந்துரலாம். புதங்கெழம நான் அப்பிடி இல்ல. சமைக்க மாட்டேன், நானும் பிள்ளையும் கடையில இருந்து என்னமாம் வாங்கித் தின்னுக்கிடுவோம். ஆபீஸ் விட்டு வந்தா அரமணிக்கூரு அவகிட்ட கூடப் பேச மாட்டேன். பேசினா வள்ளுனு விழுவேன். கதவச் சாத்திக்கிட்டு சும்மா கெடப்பேன். அது ஒங்களுக்குத் தெரியாதுலா.” நிமிர்ந்து பார்த்தாள். “அந்தப் புதங்கெழம ஆள ஒங்களுக்குப் புடிக்காமப் போயிட்டுன்னா என்ன செய்வீய?”

பிடிக்கும் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை, இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. இத்தனை நாள் நான் திரும்பி வருவதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். யாரிடம் திரும்புகிறேன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கூடத்தில் நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டி, என்ன ஏது என்று துருவி, எதையாவது சரிசெய்கிறேன் என்று இன்னும் கெடுத்து வைப்பேன். கால் அந்தப் பக்கம் இழுக்கவும் செய்தது. போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே இருந்தேன்.

சற்றுக் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. சேலை மாற்றி பழைய நைட்டியில் இருந்தாள். முடியை உச்சியில் அள்ளிச் செருகியிருந்தாள்.

“வாரதுன்னா வாங்க,” என்றாள். “பேசப்பிடாது.”

உள்ளே போய்ப் பக்கத்தில் படுத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.